ஒரு கோடி மின்மீட்டர்கள்: பெருந்தரவு அமைப்பை வடிவமைப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன பொறியாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கருவிகளின் பெயர்களை அவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். எதை எப்போது கையில் எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். ஆகவே எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டேன். நாடெங்கும் 25 கோடி ஸ்மார்ட் ப்ரீபெய்டு மின்மீட்டர்களைப் பொருத்தும் திட்டத்துக்கு மத்திய அரசு 2021-இல் ஒப்புதல் அளித்தது. அப்படி ஒரு மின்வாரியத்திடம் ஒரு கோடி மீட்டர்கள் இருப்பதாகவும், ஒவ்வொரு மீட்டரும் 15 நிமிடத்துக்கு ஒரு ரீடிங் எடுத்து அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த ரீடிங்குகளை வாங்கிச் சேமித்து, கட்டணம் கணக்கிட்டு, வீட்டுக்காரருக்குக் காட்டும் அமைப்பை நாம் கட்ட வேண்டும்.

எத்தனை டெராபைட்டைத் தாண்டினால் அது பெருந்தரவு?

அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. ஒரு நல்ல சர்வரில் தரவு அடங்காமல் போகும்போது, அல்லது அடங்கினாலும் கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் பதில் வராதபோது, அது உங்களுக்குப் பெரிய தரவு. அதற்கு முன்னால், பல சர்வர்களை இணைத்து ஒன்றாக இயக்கும் கிளஸ்டரைக் கட்டத் தொடங்குவது வீண் சுமை.

ஒரு நகரத்தில் 3,000 பஸ்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 10 விநாடிக்கு ஒரு முறை தன் இருப்பிடத்தை அனுப்புகிறது என்று வையுங்கள். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் நாளுக்கு 2.6 கோடி பதிவுகள். பதிவுக்கு 100 பைட் என்றால் 2.6 ஜிபி; ஆண்டு முழுவதற்கும் ஒரு டெராபைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போட்டு நிம்மதியாக நடத்தலாம். பதினைந்து சர்வர்கள் கொண்ட கிளஸ்டரை இந்த அளவு தரவுக்காகக் கட்டிவிட்டு, அதைப் பராமரிக்கவே மூன்று பேர் முழுநேரமும் உழைத்துக் களைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மூவரும் திறமைசாலிகள். அவர்களுடைய ஓராண்டு உழைப்பு அதில் போனதே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வெள்ளைத் தாளிலிருந்து. தாளின் இடப்பக்கம் எண்கள், வலப்பக்கம் கேள்விகள்.

எண்களை முதலில் பார்ப்போம். ஒரு மணி நேரத்துக்கு நான்கு ரீடிங், ஒரு நாளைக்கு 96. ஒரு கோடி மீட்டர்களுக்கு நாளொன்றுக்கு 96 கோடி பதிவுகள். ஒரு நாளில் 86,400 விநாடிகள். எனவே சராசரியாக விநாடிக்கு 11,111 பதிவுகள் வரும். மீட்டர் எண், நேரம், மொத்த யூனிட், மின்னழுத்தம், மின்னோட்டம் எல்லாம் சேர்த்து ஒரு பதிவு 100 பைட் என்றால் நாளுக்கு 96 ஜிபி, ஆண்டுக்கு 35 டெராபைட். பாதுகாப்புக்காக மூன்று நகல்கள் வைத்தால் 105 டெராபைட். அதே பதிவை மீட்டர் எண், நேரம் என்று ஒவ்வொரு புலத்தின் பெயரையும் சேர்த்து ஜேசான் என்ற எழுத்து வடிவில் எழுதினால் 500 பைட் ஆகிவிடும். ஆண்டுக்கு 175 டெராபைட், மூன்று நகலுக்கு 525. எழுதும் வடிவத்தைப் பற்றி எடுத்த ஒரே ஒரு முடிவு செலவை ஐந்து மடங்காக்கிவிட்டது, பார்த்தீர்களா? இந்தக் கணக்குக்குக் கணினிகூடத் தேவையில்லை.

வலப்பக்கம், இந்தத் தரவிடம் யார் என்ன கேட்பார்கள் என்று எழுதுங்கள். "என் வீட்டில் போன மாதம் எந்த நாளில் அதிகம் செலவானது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "இந்த டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து போன மின்சாரமும், அதன்கீழ் உள்ள வீடுகளின் மொத்தமும் ஒத்துப்போகிறதா?" என்று பொறியாளர் கேட்பார், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் இழப்பு அல்லது திருட்டு. "இந்த மீட்டரில் மீதி எவ்வளவு?" என்று ப்ரீபெய்டு கணக்கு கேட்கும். இந்த மூன்றும் மூன்று வேறு சேமிப்பு முறைகளைக் கோருகின்றன. கேள்விகளை எழுதாமல் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் இடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

விநாடிக்கு 11,111 என்பது ஒன்றும் பயப்படும்படியான எண் இல்லையே?

சராசரி அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு கோடி மீட்டர்களின் கடிகாரங்களும் 6:00, 6:15, 6:30 என்று ஒரே நேரத்தில்தான் கால்மணியைத் தொடுகின்றன. எல்லா மீட்டர்களும் ரீடிங் எடுத்த கையோடு அனுப்பத் தொடங்கி, அது பத்து விநாடிக்குள் வந்து சேர்ந்தால், விநாடிக்கு 10 லட்சம். அடுத்த 14 நிமிடங்களுக்கு மேலாகச் சர்வர்கள் சும்மா இருக்கும்.

பத்து லட்சத்தைத் தாங்கும் அளவுக்குச் சர்வர் வாங்குவது ஒரு வழி. அதைவிட எளிய வழி உண்டு. ரீடிங்கைச் சரியாகக் கால்மணிக்கு எடுக்கட்டும். அனுப்புவதை மட்டும் ஒவ்வொரு மீட்டரும் தன் எண்ணிலிருந்து கணக்கிட்ட ஒரு தாமதத்துக்குப் பிறகு செய்யட்டும். 900 விநாடிகளில் பரவிவிட்டால் மறுபடியும் விநாடிக்கு 11,111-தான். தாமதம் மீட்டர் எண்ணிலிருந்து வருவதால் எந்த மீட்டர் எப்போது பேசும் என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்; ஒன்று பேசாமல் விட்டால் உடனே கண்டுபிடிக்கலாம்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதை நினைத்துப் பாருங்கள். அதுபோன்ற ஒரு நிலையில், ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் மின்பாதையான ஃபீடருக்கு மின்சாரம் திரும்பும் அந்த நொடியில் அதிலுள்ள ஆயிரக்கணக்கான மீட்டர்கள் "நான் வந்துவிட்டேன்" என்று ஒரே குரலில் சொல்லும். அலைபேசிக் கோபுரம் விழுந்து மின்சாரம் மட்டும் இருந்த ஊர்களில், தேங்கிக் கிடந்த பல நாள் ரீடிங்குகளும் கோபுரம் எழுந்தவுடன் சேர்ந்து கொட்டும். சர்வர் திணறிப் பதில் தராவிட்டால் மீட்டர்கள் மறுபடி அனுப்பும். அதனால் சர்வர் மேலும் திணறும். எனவே ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் காத்திருப்பு நேரம் இரட்டிப்பாக வேண்டும். அதோடு ஒவ்வொரு மீட்டருக்கும் சற்றே வேறுபட வேண்டும். இதை மீட்டரின் மென்பொருளிலேயே எழுதியாக வேண்டும். சுவரில் மாட்டிய பின் ஒரு கோடி மீட்டர்களில் அதை மாற்றுவது பெரும்பாடு.

வரும் ரீடிங்கை நேராகத் தரவுத்தளத்தில் எழுதினால் என்ன?

தரவுத்தளம் பத்து நிமிடம் படுத்துவிட்டால் அந்தப் பத்து நிமிடத் தரவு எங்கே போகும்? அதனால் நடுவில் ஒரு பதிவேடு வேண்டும். வந்தது வந்த வரிசையில் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும், ஏற்கெனவே எழுதியதை ஒருபோதும் திருத்தாத ஒரு பேரேடு. லிங்க்ட்இன் நிறுவனம் தன் தேவைக்காக உருவாக்கி 2011-இல் திறந்த மூலமாக வெளியிட்ட காஃப்கா மென்பொருள் இந்தக் கருத்தின் மீது எழுந்ததுதான். வாசிக்கும் ஒவ்வொரு நிரலும் தான் எந்த வரிவரை வாசித்திருக்கிறது என்பதைத் தானே குறித்துக்கொள்கிறது. கட்டணக் கணக்கு நிரல் நின்றுபோனால், மீண்டும் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். வீட்டுக்காரருக்கு மின்செலவு வரைபடம் காட்டும் நிரலுக்கு அந்தத் தடங்கல் தெரியவே தெரியாது.

இந்தப் பேரேட்டைத்தான் நான் அமைப்பின் உயிர் என்று கருதுகிறேன். மீட்டர் சொன்னது சொன்னபடி இதில் இருக்கிறது. மற்ற அட்டவணைகள், மொத்தங்கள், வரைபடங்கள் எல்லாம் இதிலிருந்து பிறந்தவை. கெட்டுப்போனால் அழித்துவிட்டு மீண்டும் கட்டிக்கொள்ளலாம். காஃப்காவில் சில வாரங்கள் வைத்திருந்து, அதற்கு முந்தையதை மலிவான சேமிப்பிடத்துக்குக் கோப்புகளாக நகர்த்திவிட வேண்டும்.

ஒரே ரீடிங் இரண்டு முறை வந்துவிட்டால்?

வந்தே தீரும். மீட்டர் அனுப்பியது, சர்வர் வாங்கிக்கொண்டது, ஆனால் "கிடைத்தது" என்ற பதில் வழியில் தொலைந்தது. மீட்டரைப் பொறுத்தவரை அது போய்ச் சேரவில்லை, மறுபடி அனுப்புகிறது. அதன் மேல் பிழை ஏதும் இல்லை.

நான் பணியாற்றிய ஓரிடத்தில் ஒவ்வொரு கால்மணி நேரத்தின் யூனிட்டையும் நாளின் மொத்தத்தோடு கூட்டிக்கொண்டே போகும் நிரல் இருந்தது. ஒரு தையற்கடைக்காரரின் புகார் வந்தது: பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையை விடக் கடை திறந்திருந்த நாளுக்கு அதிகம் வருவது சரி, ஆனால் இவ்வளவா என்று. பேரேட்டைத் திறந்து பார்த்தேன். அவருடைய மீட்டர், நேரம் 14:15, 0.42 யூனிட், வந்து சேர்ந்தது 14:21:07. அடுத்து அதே மீட்டர், 14:15, அதே 0.42, வந்து சேர்ந்தது 14:21:10. மூன்று விநாடி வித்தியாசம். அன்று பிற்பகல் முழுவதும் அந்தப் பகுதியில் அலைபேசி இணைப்பு மோசம். ஏறக்குறைய ஒவ்வொரு வரியும் இரட்டையாக இருந்தது. 96 கோடியில் சில ஆயிரம் வரிகள் என்றால் எந்த வரைபடத்திலும் தெரியாது. அவருடைய பில்லில் தெரிந்தது.

தீர்வு இரண்டு படிகளில் இருக்கிறது. மீட்டர் எண்ணும் ரீடிங் எடுத்த நேரமும் சேர்ந்ததே பதிவின் அடையாளம். அதே அடையாளத்தோடு மறுபடி வந்தால் அட்டவணையில் பழையதன் இடத்திலேயே உட்காரட்டும், புதிதாகக் கூட வேண்டாம். எத்தனை முறை செய்தாலும் ஒரு முறை செய்த விளைவே இருக்க வேண்டும். அடுத்தது இன்னும் நல்லது: கட்டணத்துக்கு இடைவெளி யூனிட்டுகளைக் கூட்டாதீர்கள். மீட்டர் காட்டும் மொத்த யூனிட்டை எடுத்து, மாதக் கடைசியிலிருந்து மாதத் தொடக்கத்தைக் கழியுங்கள். நடுவில் பத்து ரீடிங் தொலைந்தாலும், இருபது இரட்டிப்பானாலும் அந்தக் கழித்தல் மாறாது. வீடு வீடாக வந்து அட்டையில் எழுதிப்போன கணக்கெடுப்பாளர் செய்ததும் இதைத்தான்.

தரவைப் பல சர்வர்களுக்கு எப்படிப் பிரிப்பது?

எதை வைத்துப் பிரிக்கிறோம் என்ற திறவுகோலைப் பொறுத்து எல்லாம் மாறும். நாள்வாரியாகப் பிரித்தால், இன்றைய தரவு முழுவதும் ஒரே சர்வரில் போய் விழும். மற்றவை வேடிக்கை பார்க்கும். ஊர்வாரியாகப் பிரித்தால் சென்னையைத் தாங்கும் சர்வர் வியர்க்கும், சிற்றூர்களின் சர்வர் ஓய்வெடுக்கும். மீட்டர் எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒரு சூத்திரத்தால் சீராகச் சிதறும் வேறோர் எண்ணாக மாற்றிப் பிரித்தால் சுமை சமமாகப் பரவும். ஒரு மீட்டருக்குள் நேர வரிசையில் அடுக்கி வைத்தால், வீட்டுக்காரர் கேட்கும் ஒரு மாத வரைபடத்துக்கு 2,880 பதிவுகளும் அடுத்தடுத்துக் கிடைக்கும்.

ஹாஷ் எண்ணைச் சர்வர்களின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைப் பார்ப்பது பலரும் முதலில் செய்யும் தவறு. 16 சர்வர்கள் 17 ஆகும் அன்று, 94 சதவீதத் தரவு இடம் மாற வேண்டியிருக்கும். தொடக்கத்திலேயே 1,024 பார்ட்டிஷன்களாக, அதாவது சிறு பிரிவுகளாகப் பிரித்துவிடுங்கள். 16 சர்வர்கள் என்றால் ஆளுக்கு 64. புதிய சர்வர் வந்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் மூன்று நான்கு பார்ட்டிஷன்கள் அதற்குப் போகும், மற்றவை அசையாது. 1997-இல் வெளிவந்த சீரான ஹாஷிங் முறையும் இதே சிக்கலை வேறொரு வழியில் தீர்க்கிறது.

டிரான்ஸ்ஃபார்மர் கேள்விக்கு இந்த அடுக்கு உதவாது. அதன்கீழ் உள்ள வீடுகள் எல்லாப் பார்ட்டிஷன்களிலும் சிதறிக் கிடக்கும். அதற்காக டிரான்ஸ்ஃபார்மர் எண்ணும் நேரமும் கொண்டு அடுக்கிய இன்னோர் அட்டவணையைப் பேரேட்டிலிருந்து தனியாகக் கட்ட வேண்டும். ஒரே தரவை இரண்டு இடத்தில் வைக்கலாமா என்று தயங்க வேண்டாம். மூலம் ஒன்றுதான், அது பேரேட்டில் இருக்கிறது.

சர்வர் பழுதானால்? எத்தனை நகல்கள் போதும்?

கூகுள் 2003-இல் தன் கோப்பு முறைமையைப் பற்றி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, உறுப்புகள் பழுதாவது விதிவிலக்கு அன்று, அன்றாட நிகழ்வு என்ற கருத்திலிருந்துதான் தொடங்குகிறது. கோப்புகளை 64 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக மூன்று நகல்களை வெவ்வேறு கணினிகளில் வைத்தார்கள். அதே நிறுவனம் 2007-இல் தன் டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, முதல் ஆண்டு டிஸ்க்குகளில் 1.7 சதவீதமும் மூன்றாண்டுப் பழையவற்றில் 8.6 சதவீதத்துக்கு மேலும் ஓராண்டுக்குள் பழுதானதைக் கண்டது. நம்மிடம் 200 டிஸ்க்குகள் இருந்து, நூற்றுக்கு ஐந்து பழுதாகும் என்று வைத்தாலே ஆண்டுக்குப் பத்து. கிட்டத்தட்ட மாதம் ஒன்று.

4 டெராபைட் டிஸ்க் ஒன்று போய்விட்டால், அதன் நகலை விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒரே இடத்திலிருந்து எடுத்து எழுத 11 மணி நேரம் ஆகும். அதுவரை அந்தத் தரவுக்கு இரண்டு நகல்களே மிச்சம். துண்டுகளை எல்லா டிஸ்க்குகளிலும் சிதறி வைத்திருந்தால், எல்லாரும் கைகொடுத்து நிமிடங்களில் முடித்துவிடலாம். மூன்று நகல்களும் ஒரே அலமாரியில், ஒரே மின்இணைப்பில் இருந்தால் அவை ஒரே நகலுக்குச் சமம். இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நேரத்தில் எதை நம்புவது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கோட்பாடாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்து, கில்பர்ட்டும் லின்ச்சும் 2002-இல் நிறுவிய சிஏபி தேற்றம் சொல்வது இது: வலையமைப்பு துண்டானால், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வதா, அல்லது சரியான பதிலை மட்டுமே சொல்வதா என்பதில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அமைப்பு முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வகைத் தரவுக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்.

வீட்டுக்காரர் பார்க்கும் வரைபடம் பத்து நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கும் கேடில்லை. அதற்கு அமேசான் 2007-இல் டைனமோ என்ற தன் சேமிப்பு அமைப்பு பற்றிய கட்டுரையில் விளக்கிய முறை பொருந்தும்: மூன்று நகல்களில் இரண்டில் எழுதினால் போதும், இரண்டிலிருந்து வாசித்தால் போதும். வாசித்த இரண்டில் ஒன்றாவது கடைசியாக எழுதப்பட்டதாக இருக்கும்.

ப்ரீபெய்டு மீதித் தொகை அப்படிப்பட்டதா? இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வீட்டில் மீதி தீர்கிறது. மகள் அலைபேசியில் 500 ரூபாய் செலுத்திவிடுகிறாள். பணம் ஏறியது முதன்மைச் சர்வருக்குத் தெரியும். பழைய நகலொன்றுக்கு இன்னும் தெரியாது. இணைப்பைத் துண்டிக்கும் நிரல் அந்தப் பழைய நகலைப் படித்தால், பணம் கட்டிய வீட்டில் விளக்கணையும். உள்ளே ஆக்சிஜன் கருவியோடு ஒரு முதியவர் படுத்திருக்கலாம்.

மீதித் தொகை மொத்தம் எவ்வளவு தரவு என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கோடி வரிகள், வரிக்கு 200 பைட், ஆக 2 ஜிபி. இன்றைய மடிக்கணினியின் நினைவகத்திலேயே அடங்கும்! தவறவே கூடாத தரவு பெரும்பாலும் சிறிதாகத்தான் இருக்கிறது. அதைப் பெருந்தரவுக் கிளஸ்டரில் கரைத்துவிடாமல், பரிவர்த்தனைகளை முறையாகக் காக்கும் போஸ்ட்கிரெஸ் போன்ற சாதாரண உறவுநிலைத் தரவுத்தளத்தில் தனியே வையுங்கள். எழுதியது இரண்டாவது சர்வரிலும் பதிந்த பிறகே "முடிந்தது" என்று சொல்லட்டும். துண்டிக்கும் நிரல் முதன்மைச் சர்வரை மட்டுமே கேட்கட்டும். அந்தச் சர்வர் கிடைக்கவில்லை என்றால் துண்டிக்கவே வேண்டாம். சில யூனிட் கடனாகப் போகும், பிறகு வசூலித்துக்கொள்ளலாம்.

மூன்று நகல்கள் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

நீங்கள் தவறான கட்டளை கொடுத்தால் மூன்று நகல்களும் ஒழுங்காக, ஒரே வேகத்தில் அழிந்துபோகும் என்பதால்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்பகத்தை நீக்கினார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. வழக்கமான பேக்கப், மென்பொருள் பதிப்பு வேறுபாட்டால் ஓடவே இல்லை; தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு பிரதியால்தான் மீண்டார்கள். நடந்ததை மறைக்காமல் எல்லாரும் பார்க்க எழுதி வைத்தார்கள். அந்த நேர்மைக்கு நான் நன்றியுள்ளவன். அதைப் படித்த வாரத்திலிருந்து, மாதம் ஒரு முறை பேக்கப்பை வெற்றுச் சர்வரில் மீட்டெடுத்து, ஏதேனும் நூறு மீட்டர்களின் மொத்தத்தைச் சரிபார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

தாமதமாக வரும் ரீடிங்குகளை என்ன செய்வது?

ஒவ்வொரு பதிவிலும் ரீடிங் எடுத்த நேரம், நம்மிடம் வந்த நேரம் என்று இரண்டையும் வையுங்கள். செவ்வாய்க்கிழமையின் ரீடிங் வெள்ளியன்று வந்தாலும் அது செவ்வாய்க்கு உரியது. டிரான்ஸ்ஃபார்மர் இழப்புக் கணக்கைச் செவ்வாய் இரவே முடித்துவிட்டால், வந்து சேராத வீடுகள் எல்லாம் திருட்டாகத் தெரியும். பாவம், ஊழியர்கள் அந்தத் தெருவுக்குப் போய் வீட்டுக்காரர்களிடம் சண்டை போடுவார்கள். முதல் கணக்கைத் "தற்காலிகம்" என்று குறித்து, எத்தனை சதவீத மீட்டர்கள் பதில் சொல்லியிருக்கின்றன என்பதையும் பக்கத்தில் காட்டுங்கள். தாமத ரீடிங் வந்ததும் அந்த நாளை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள்.

வராத ரீடிங்கை மதிப்பிட்டு நிரப்ப வேண்டி வந்தால், அது மதிப்பீடு என்ற குறியோடு புதிய பதிவாக எழுதப்பட வேண்டும். மூலத்தைத் தொட்டுவிட்டால், நாளை ஒருவர் "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்காது.

ஓராண்டுத் தரவு முழுவதையும் அலச வேண்டுமென்றால்?

35 டெராபைட்டை விநாடிக்கு 200 எம்பி வாசிக்கும் ஒரு டிஸ்க்கில் படித்து முடிக்க இரண்டு நாள் ஆகும். 200 டிஸ்க்குகளில் சேர்ந்து படித்தால் 15 நிமிடம். தரவை நிரலிடம் இழுத்து வராமல், நிரலைத் தரவு இருக்கும் கணினிக்கு அனுப்புவது இதன் அடிப்படை. கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் எழுதிய மேப்ரெட்யூஸ் கட்டுரை இதைப் பரவலாக்கியது. ஹடூப் என்ற திறந்த மூல மென்பொருள் அதன் வழிவந்ததுதான்.

அதற்கு முன்னால் படிக்க வேண்டியதைக் குறையுங்கள். இழப்புக் கணக்குக்கு மின்னழுத்தம் தேவையில்லை. வரிவரியாக எழுதாமல் நெடுவரிசை நெடுவரிசையாக எழுதினால் வேண்டிய நெடுவரிசையை மட்டும் வாசிக்கலாம். ஒரே வகை எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் நன்றாகவும் சுருங்கும். ஃபேஸ்புக் 2015-இல் விளக்கிய கொரில்லா அமைப்பு, நேரமும் மதிப்பும் கொண்ட 16 பைட் இணையைச் சராசரியாக 1.37 பைட்டாகச் சுருக்கியது. சீரான இடைவெளியில் வரும் நேரங்களில் இடைவெளி மாறவில்லை என்று சொல்ல ஒரே ஒரு பிட் போதும் என்பது அதன் நுட்பங்களில் ஒன்று. நம் மீட்டர்களும் 900 விநாடிக்கு ஒரு முறை பேசுபவைதாம்.

எந்தத் தரவுத்தளம் சிறந்தது?

மேலே தாளின் வலப்பக்கம் எழுதிய கேள்விகளை எடுத்துக்கொண்டு வந்தால் சொல்கிறேன். எழுதுவது மிக அதிகம் என்றால், வருவதை நினைவகத்தில் வரிசைப்படுத்திக் கோப்புகளாகக் கொட்டிப் பின்னர் ஒன்றுசேர்க்கும் எல்எஸ்எம் வகை, கசாண்ட்ரா அப்படிப்பட்டது. சிறிய, அடிக்கடி மாறும், தவறக் கூடாத தரவு என்றால் பி-ட்ரீ என்ற வரிசைப்படுத்திய மர அமைப்பின் மீது நிற்கும் போஸ்ட்கிரெஸ் போன்றவை. உங்கள் குழுவில் இரவு இரண்டு மணிக்கு அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாத் தரவையும் என்றென்றும் வைத்திருக்க வேண்டுமா?

ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் எல்எச்சி முடுக்கியில் துகள் கற்றைகள் விநாடிக்குச் சுமார் 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. அவற்றில் மிகச் சிறு பகுதியே சேமிக்கப்படுகிறது. மீதி அங்கேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. எதை விடுவது என்பதும் வடிவமைப்புதான்.

மீட்டர் தரவில் இதற்குச் சேமிப்புச் செலவை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் கால்மணி நேர வரைபடத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலை 5:15-க்கு ஏறும் கோடு, 9 மணிக்குத் தாழ்ந்து மாலை வரை குளிர்சாதனப் பெட்டியின் சிறு அலைகள் மட்டும், சனிக்கிழமைகளில் மட்டும் வேறு வடிவம். எப்போது எழுகிறார்கள், எப்போது வீடு பூட்டியிருக்கும், எந்த வாரம் ஊருக்குப் போனார்கள் எல்லாம் அதில் இருந்தன. திருடன் கையில் கிடைத்தால் வேறொன்றும் வேண்டாம். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்த தனிநபர் தரவை அழிக்கச் சொல்கிறது. கால்மணி விவரங்களைக் கட்டணத் தகராறுக்குத் தேவையான காலம்வரை வைத்து, பிறகு நாள் மொத்தமாகச் சுருக்குங்கள். பெயரும் முகவரியும் வேறு இடத்தில், வேறு பூட்டின்கீழ் இருக்கட்டும்.

அழிக்கவே கூடாத பேரேட்டில் எப்படி அழிப்பது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு மீட்டரின் பதிவுகளையும் மாதத்துக்கு ஒரு மறைகுறிச் சாவியால் பூட்டி எழுதினால், காலம் முடிந்ததும் அந்தச் சாவியை அழித்தால் போதும். எழுத்து இருக்கும், படிக்க முடியாது.

சராசரி வேகம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் புகார் வருகிறது. ஏன்?

சராசரியைப் பார்ப்பதால். ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறை மட்டும் மெதுவாகப் பதில் சொல்கிறது என்று வையுங்கள். ஒரு கேள்விக்கு இப்படிப்பட்ட 100 சர்வர்களின் பதிலும் வேண்டுமென்றால், 63 சதவீதக் கேள்விகள் ஏதாவது ஒரு மெதுவான சர்வருக்காகக் காத்திருக்கும். 0.99-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள், தெரியும். நூறில் தொண்ணூற்றொன்பதாவது ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை அளவிடுங்கள். ஒரு கேள்வி தொடும் பார்ட்டிஷன்களைக் குறையுங்கள்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள என்னிடம் கிளஸ்டர் இல்லையே?

ஒரு மடிக்கணினி போதும். ஒரு லட்சம் மீட்டர்கள் இருப்பதாக நடிக்கும் சிறு நிரல் எழுதுங்கள்; நாளுக்கு 96 லட்சம் பதிவுகள் கிடைக்கும். நூற்றுக்கு இரண்டு பதிவுகளை இரட்டிப்பாக அனுப்பச் சொல்லுங்கள், ஒன்றைத் தொலைக்கச் சொல்லுங்கள், மூன்றை இரண்டு நாள் கழித்து அனுப்பச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் அதை நிறுத்திவிட்டு மறுபடி எழுப்புங்கள். கடைசியில் ஏதாவது ஒரு மீட்டரைத் தேர்ந்தெடுத்து, நடிக்கும் நிரல் வைத்திருக்கும் உண்மையான மொத்த யூனிட்டையும் உங்கள் அமைப்பு போட்ட பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் முறை ஒத்துப்போகாது. எந்த வரியில் பிரிந்தது என்று பேரேட்டைத் திறந்து தேடத் தொடங்குங்கள்.